என் கதவில் தொங்கிய பூசணிக்காய்

எங்கள் கட்டடத்துப் பிள்ளைகள் பேய் வேஷம் கட்டிக்கொண்டு வீடு வீடாய் மிட்டாய் கேட்டு வருகிற வழக்கம் புதிதாய் வந்தது. வெள்ளைக்காரர் தேசத்துப் பண்டிகையாம், ஹாலோவீன் என்கிறார்கள். அந்த வருஷம் ஐப்பசி மழையில், தீபாவளிக் குப்பை கூட்டி முடித்த கொஞ்ச நாளில் வந்தது. அவரவர் வாசல் கதவில் எலும்புக்கூடு, சிலந்தி வலை, வௌவால் என்று பயமாய் எதையாவது ஒட்டிவைக்க வேண்டும். எந்தக் கதவில் அலங்காரம் இருக்கிறதோ அந்தக் கதவைத்தான் பிள்ளைகள் தட்டும். வெறும் கதவாய் இருந்தால் தாண்டிப் போய்விடும். அதுதான் சட்டம்.

இதை எனக்குச் சொன்னது மூன்றாவது மாடிப் பெண். அந்த வருஷம் கட்டடத்துச் சங்கத்து வேலையெல்லாம் அவள் கையில். கீழே ஒட்டியிருந்த நோட்டீஸ் இங்கிலீஷில் இருந்தது. தமிழில் இருந்திருந்தாலும் நான் எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் பண்டிகை போயிருக்கும். அவளே என் வாசலுக்கு வந்து விவரம் சொல்லிவிட்டு, கடைசியில் இப்படி முடித்தாள்:

"பசங்க ரொம்ப சத்தம் போடுவாங்க பாட்டி. உங்களுக்கு எதுக்குக் கஷ்டம்? உங்க வீட்ட மட்டும் விட்டுடச் சொல்லிடறேன்."

"ஏம்மா, என் வூட்டுக்குக் கதவு இல்லியா?" என்றேன்.

"ஐயோ, அப்படிச் சொல்லல பாட்டி..."

"வேற எப்படிச் சொன்ன? அல்லார் வூட்டுக்கும் போற பசங்க என் வூட்டுக்கும் வரட்டும். நான் கட்டி வெக்கறேன், நீ போ."

எனக்குக் கோபம் வந்ததற்குக் காரணம் உண்டு. ராஜா அண்ணாமலைபுரத்தில் இந்தக் கட்டடம் நிற்கிற மண் எங்களுடையது. என் மாமியார் கட்டிய ஓட்டு வீடு இருந்த இடம். பில்டர் அதை வாங்கி நாலு மாடி எழுப்பி, எங்களுக்கு முதல் மாடியில் ஒரு ஃப்ளாட் கொடுத்தான். மற்றவர்கள் எல்லாம் பிற்பாடு வந்தவர்கள். வந்தவர்கள் வீட்டை எல்லாம் தட்டிவிட்டு என் வீட்டை விட்டுவிடுவதாவது.

அது மேலுக்குச் சொல்கிற காரணம். உள்ளே வேறு ஒன்று இருந்தது. என் கதவை யாராவது தட்டிக் கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது.

கதவு என்றால் மற்ற வீடுகளில் இருக்கிற மாதிரி ஒட்டுப்பலகைக் கதவு இல்லை. ஓட்டு வீட்டில் இருந்த தேக்குக் கதவு. வீட்டை இடித்தபோது இதை மட்டும் தரமாட்டேன் என்று பில்டரிடம் சண்டை போட்டேன். அவன் தலையில் அடித்துக்கொண்டு, அடியை அறுத்து, ஃப்ளாட்டுக்கு மாட்டிக் கொடுத்தான். அதில் விரல் முட்டியால் தட்டினால் வீடு முழுக்கக் கேட்கும், சமையல்கட்டில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தாலும்.

என் வீட்டுக்காரர் பஸ் கண்டக்டர். பஸ் தகரத்தைத் தட்டித் தட்டியே பழகின கை. வீட்டுக்கு வந்தாலும் அப்படித்தான். முதலில் இரண்டு தட்டு, கொஞ்சம் விட்டு இன்னொன்று. சட்டைப் பையில் சாவி இருக்கும். காலிங் பெல் கண்ணெதிரே இருக்கும். இரண்டையும் தொடமாட்டார். அடுப்பில் தோசையைப் போட்டுவிட்டு நான் ஓடி வருவேன்.

"சாவி இன்னாத்துக்குய்யா கீது உன் கைல? அழகு பாக்கவா?"

"தொறக்கத்தான் நீ கீறியே."

இதற்கு மேல் ஒரு காரணமும் அவர் சொன்னதில்லை. நாங்கள் குடியிருந்த அத்தனை நாளும் நான் திட்டினேன், அவர் தட்டினார். பிறகு அவர் போய்விட்டார். எங்களுக்குப் பிள்ளை கிடையாது. கேஸ் கொண்டுவருகிறவன் பெல்லை அமுக்கிவிட்டுக் கையிலிருக்கிற போனைப் பார்த்துக்கொண்டு நிற்பான். பெல்லுக்கு ஒரே குரல். யார் அமுக்கினாலும் அது குயில் மாதிரிக் கூவும். மழைக்காலத்தில் ஜன்னல் அடித்துக்கொள்கிற சத்தத்துக்கு நான் எழுந்து போய்க் கதவைத் திறந்து பார்த்திருக்கிறேன். அதை யாரிடமும் சொன்னதில்லை.

அதனால்தான் அந்தப் பெண் "பசங்க வந்து தட்டுவாங்க" என்று சொன்னதும் என் காது அதிலேயே நின்றுவிட்டது.

மறுநாள் மயிலாப்பூர் மார்க்கெட்டுக்குப் போனேன். மற்ற வீடுகளில் ஆன்லைனில் ஆரஞ்சு நிறத்தில் பிளாஸ்டிக் பூசணி வரவழைத்திருந்தார்கள். கண்ணும் பல்லும் வெட்டி, உள்ளே பல்பு எரிகிற பூசணி. அது சிரிக்கிற மாதிரி இருந்ததே தவிர பயமாய் இல்லை. பயம் காட்டுகிற பூசணி எது என்று எனக்குத் தெரியாதா? காய்க்காரி உருண்டையாய், மேலெல்லாம் சாம்பல் பூத்த வெள்ளைப் பூசணியாய்ப் பார்த்து எடுத்து, தட்டிப் பார்த்தாள்.

"இன்னா ஆயா, கொழம்புக்கா, திஷ்டிக்கா?"

"பண்டிகைக்கு."

"ஆயுத பூசதான் பூட்ச்சே. இப்ப இன்னா பண்டிக?"

"பேய்ப் பண்டிக."

"அது சரி. வூட்டுக்காரர் போன பொறவு நீ ஒருத்தி கீறன்னு பேயும் வருதா உன்ன பாக்க?" என்று சிரித்துவிட்டு, எலுமிச்சம்பழமும் பச்சைமிளகாயும் அவளாகவே பையில் போட்டாள். அதையும் வாங்கிக்கொண்டேன்.

அன்று மத்தியானம் முழுக்க உட்கார்ந்து வரைந்தேன். அடுப்புக்கரி கிடைக்காததால் கண்மை. உருட்டின விழி, முறுக்கின மீசை, இரண்டு கோரைப்பல். குங்குமத்தைக் குழைத்து, தொங்கின நாக்கு. தூரத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்கே கொஞ்சம் பயமாய்த்தான் இருந்தது. அதைக் கயிற்றில் கட்டிக் கதவு நிலையில் தொங்கவிட்டேன். எலுமிச்சம்பழம் மிளகாய் கோத்து ஒரு பக்கம். கட்டுகிற வீட்டில் தொங்கவிடுவார்களே, அந்த மாதிரி பழைய செருப்பு ஒன்று இன்னொரு பக்கம். முதலில் அவருடைய செருப்பைத்தான் எடுத்தேன். கட்ட மனம் வரவில்லை, திரும்பக் கட்டிலுக்கு அடியிலேயே வைத்துவிட்டு என்னுடையதைக் கட்டினேன். கடைசியாக ஒரு எலுமிச்சம்பழத்தை இரண்டாக அறுத்து, குங்குமம் தடவி, வாசற்படியில் இப்படி ஒன்று அப்படி ஒன்று வைத்தேன். இந்தக் கட்டடத்தில் இதைவிடப் பயங்கரமான கதவு கிடையாது என்று எனக்குத் தெரியும்.

தாம்பாளத்தில் கடலை மிட்டாய், தேன் மிட்டாய். கடலை மிட்டாய் தின்னாத பிள்ளைகளுக்காகச் சாக்லேட். நல்ல புடவையாய் ஒன்று கட்டிக்கொண்டேன். விளக்கு வைத்த பிறகு கதவுக்கு உள்பக்கம் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

மேல் மாடியிலிருந்து இறங்கி வந்தார்கள். நாலாவது மாடியில் கதவு தட்டுகிற சத்தம், கூச்சல், சிரிப்பு. மூன்றாவது மாடி. இரண்டாவது மாடி. தட்டுகிற ஒவ்வொரு சத்தத்துக்கும் என் மடியிலிருந்த தாம்பாளம் ஆடியது. பிறகு என் மாடிப் படியில் செருப்புச் சத்தம். எழுந்து தாழ்ப்பாளில் கையை வைத்துக்கொண்டேன். தட்டினால் திறக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை.

சத்தம் சட்டென்று நின்றது.

"ஆன்ட்டி, இது டெகரேஷனா?" என்று ஒரு பிள்ளை கேட்டது.

"தொடாத! லெமன் கட் பண்ணி வெச்சிருக்கு பாரு. தாண்டாத, இப்படி ஓரமா வா." மூன்றாவது மாடிப் பெண்ணின் குரல்தான். "பாவம், பாட்டிக்கு ஏதோ திருஷ்டி சுத்திப் போட்டிருக்காங்க."

"அப்ப இது நிஜமா?"

"நிஜம்தான். ஓடு, ஓடு, கீழ போ."

ஓடிவிட்டார்கள். படியில் தடதடவென்று இறங்கி, கீழ் வீட்டுக் கதவைத் தட்டுகிற சத்தம் என் காலடியிலிருந்து வந்தது. தாழ்ப்பாளைத் திறந்து ஒரு வார்த்தை கூப்பிட்டிருக்கலாம். தட்டாத கதவைத் திறந்துகொண்டு வாங்க வாங்க என்று கூப்பிட நான் என்ன கடையா வைத்திருக்கிறேன்? நாற்காலியிலேயே உட்கார்ந்தேன். தேன் மிட்டாய் தாம்பாளத்தில் பிசுபிசுத்துப்போய் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தது.

கொஞ்ச நேரத்தில் பெல் கூவியது. எதிர்வீட்டு அம்மா. தி. நகரில் துணிக்கடை ஒன்றில் தையல் பார்க்கிறவள். முஸ்லிம் குடும்பம், என் வீட்டுக்காரர் இருந்த காலத்திலிருந்தே எதிர்வீடு. மழையில் நனைந்த பர்தாவோடு, படியிலிருந்த எலுமிச்சம்பழத்துக்கு அந்தப் பக்கமே நின்றுகொண்டிருந்தாள்.

"என்னம்மா ஆச்சு? யாரு கண்ணு போட்டாங்க? உடம்பு கிடம்பு சரியில்லியா?"

"ஒண்ணும் ஆவல. பேய்ப் பண்டிகைக்கு அலங்காரம்."

அவள் பூசணியைப் பார்த்தாள், செருப்பைப் பார்த்தாள், என் புடவையைப் பார்த்தாள். அப்புறம் சிரித்த சிரிப்பில் சுவரைப் பிடித்துக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்தேவிட்டாள்.

"அம்மா, அவங்க பேய வாவான்னு கூப்பிடறதுக்குக் கட்டறாங்க. நீங்க தொரத்தறதுக்கு இல்ல கட்டிட்டீங்க! எங்க வீட்லயும் மிளகா சுத்திப் போடுவோம். இதப் பாத்தா நானே கிட்ட வரமாட்டேன், அந்தப் பசங்க எப்படி வரும்?"

எனக்கும் சிரிப்பு வந்தது, வராமல் என்ன. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இருங்க, நான் போய் பசங்களக் கூட்டிட்டு வரேன். ஒரு நிமிஷம்" என்று எழுந்தாள்.

"வேணாம். நீ சொல்லி வந்து தட்டினா அது இன்னா தட்டு? போ, போய் ஈரத்த மாத்து."

அவள் போன பிறகு எலுமிச்சம்பழத்தைப் பொறுக்கிக் குப்பையில் போட்டேன். செருப்பை அவிழ்த்தேன். பூசணியை அவிழ்த்து இடுப்பில் வைத்தபோது குழந்தை கனம் கனத்தது. அது என்னைப் பார்த்து விழித்துக்கொண்டிருந்தது. இவ்வளவு வரைந்ததைக் குழம்பில் போடவும் மனசில்லை.

எனக்கு என்ன தோன்றியதோ, தாம்பாளத்து மிட்டாயை ஒரு பையில் கொட்டிக் கையில் மாட்டிக்கொண்டு, பூசணியோடு படி ஏறினேன். இந்தக் கட்டடம் கட்டின நாளிலிருந்து நான் யார் வீட்டு வாசலிலும் போய் நின்றதில்லை. முட்டி வலித்தது. நடுவில் ஒரு தரம் நின்று மூச்சு வாங்கினேன். மூன்றாவது மாடி வந்தபோது பிள்ளைகள் திரும்பியிருந்தார்கள். அந்தப் பெண் வீட்டுக் கதவுக்குப் பின்னால் கூச்சலாய் இருந்தது. கதவில் ஒட்டியிருந்த காகித வௌவால் ஒரு பக்கம் பிய்ந்து தொங்கியது. பக்கத்தில் பெல் இருந்தது.

பூசணியின் முகத்தைக் கதவுப் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு, விரல் முட்டியால் தட்டினேன். இரண்டு தட்டு. கொஞ்சம் விட்டு, இன்னொன்று.

ஒட்டுப்பலகைக் கதவு. என் கதவின் சத்தம் அதில் வராது. ஆனாலும் உள்ளே கூச்சல் அடங்கியது. "யாரு?" என்று ஒரு குரல். பிறகு ஓடி வருகிற காலடி, தூரத்திலிருந்து கிட்டே, கிட்டே. அந்தச் சத்தத்தை வெளியே நின்று நான் கேட்டதே இல்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் கரண்டியைப் போட்டுவிட்டு உள்ளேயிருந்து ஓடி வருவதுதான். சாவியைப் பையில் வைத்துக்கொண்டு அவர் இதற்குத்தான் நின்றிருக்கிறார்.

தாழ்ப்பாள் விலகுகிற சத்தம் கேட்டது. இன்னும் கொஞ்சம் மெதுவாய்த் திறக்கட்டும் என்று இருந்தது எனக்கு.