சாயம் பூசாத மீன்

மசாலா பிசைந்து முடித்ததும், பிழிந்துபோட்ட எலுமிச்சைத் தோலை எடுத்து விரல் விரலாகத் தேய்ப்பாள் எல்லம்மா. தோலை மடித்து நகக்கண்ணுக்குள் நுழைத்து ஒரு சுழற்று. பிறகு மோந்து பார்ப்பாள். மீன் வாடை போயிருக்கும், சிவப்புதான் போகாது. யாருக்குக்கா கல்யாணம், மருதாணியெல்லாம் பலமா இருக்கே என்று, அவளுடைய மீன் வறுவல் வண்டிக்கு வரும் பொத்தேரி காலேஜ் பையன்கள் கிண்டலடிப்பார்கள். எல்லா வண்டியிலும் போடுகிற கலர் பவுடர்தான். சிவப்பாக இருந்தால்தானே ஆள் நிற்கும்.

கோவளத்துக்காரி. விடியலில் அங்கே போய்க் கரையேறிய மீனைத்தான் வாங்கி வருவாள். அதனால்தான், உணவுப் பாதுகாப்பு அதிகாரி ரோஹிணி சோதனைக்கு வந்து, மசாலா தடவிய மீன் மொத்தத்திலும் பிளீச்சிங் பவுடரைக் கொட்டியபோது ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"இன்னா மேடம், கெட்டுப்போன மீனா விக்கிறேன்? காலைல வலையில துள்ளுன மீனு."

"அப்புறம் எதுக்கு, அழுகின மீனுக்குப் பூசுற சாயத்தை இதுக்குப் பூசுறீங்க?"

எல்லம்மா சிவந்த விரல்களை முந்தானையில் மறைத்துக்கொண்டாள்.

மறுநாள் முதல் மிளகாய்த்தூளும் மஞ்சளும் மட்டும். மீன் பழுப்பாக வந்தது. பையன்கள் எட்டிப் பார்த்துவிட்டு, நேத்து மீன் போலிருக்கு மச்சான் என்று நகர்ந்தார்கள். பக்கத்து வண்டிக்காரனோ அதிகாரியின் ஜீப் போன கையோடு பவுடர் டப்பாவை மறுபடி எடுத்துவிட்டான். ஒற்றைச் சம்பாத்தியக் குடும்பம்; இந்த அடுப்பு அணைந்தால் வீட்டு அடுப்பும் எரியாது. வண்டியை விற்றுவிட்டுப் பாத்திரம் தேய்க்கப் போவதென்று மனசைத் திடப்படுத்திக்கொண்டாள்.

அந்த வாரம் ரோஹிணி மறுபடி வந்தார். காலேஜ் விடும் நேரம். கூட்டத்தின் நடுவில் நின்று எல்லோர் காதிலும் விழும்படி, "கலர் போடாத மீன் இங்கதானே? ஒரு பார்சல்" என்றார். மறுநாளும் வந்தார். அதற்கடுத்த நாளும். காசு வேண்டாமென்றால் முறைப்பார். ஆபிசரே இங்கதான் வாங்குறாங்களாம் என்ற பேச்சு ஹாஸ்டல் ஹாஸ்டலாகப் பரவியது. எல்லம்மாவுக்கு உட்கார நேரமில்லை. பக்கத்து வண்டிக்காரனே டப்பாவைத் தூக்கிப் போட்டான். கூட்டம் சேர்ந்ததும் மேடம் வருவது நின்றுபோனது. நேரில் ஒரு வார்த்தை நன்றி சொல்லவில்லையே என்று அவளுக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. குன்றத்தூர் முருகனிடம் மட்டும் அந்தம்மா பேரைச் சொல்லி வேண்டிக்கொண்டாள்.

ஒருநாள் மேடத்தின் ஜீப் டிரைவர் ஜெரோம் மட்டும் வந்தான். நல்ல வஞ்சிரத் துண்டுகளாகப் பொறுக்கிப் பொரித்து, மேடத்துக்கு என் மீன்னா உசுரு, கையில குடுத்துடு என்று பொட்டலத்தை நீட்டினாள்.

ஜெரோம் தயங்கிக்கொண்டே வாங்கினான்.

"அவங்க முட்டைகூடத் தொட மாட்டாங்கக்கா. அத்தினி பார்சலும் எங்க வூட்லதான் துன்னோம்."