மூன்று மணிக்குத் தள்ளிப்போன மேட்டூர் படம்

ஞாயிறு காலை ஏழரை மணிக்கு நாமக்கல்லில் சேலம் பேருந்து ஏறினேன். ஐம்பது கிலோமீட்டர் சொச்சம். டிக்கெட் நாற்பத்தைந்து ரூபாய். ஹாஸ்டலோடு கூடிய பள்ளி ஒன்றில் வேதியியல் ஆசிரியை நான். பெண்கள் விடுதிப் பொறுப்பும் என்னுடையது. மாதத்துக்கு ஒரு ஞாயிறுதான் விடுமுறை. அதிலும் மாலை ஆறுக்குள் திரும்பி வருகைப்பதிவு எடுக்க வேண்டும். வாரம் முழுக்க விடைத்தாள் திருத்திய கண்கள் எரிந்தன. தூங்கிக் கழித்திருக்கலாம். ஆனால் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு சிறிய அரங்கில் திரைப்பட விழா. எந்தத் தியேட்டருக்கும் வராத படங்கள். பத்து மணிக்கு, ஒரே நாளுக்குள் திரும்பத் திரும்ப மாட்டிக்கொள்ளும் முட்டை லாரி டிரைவரின் கதை. பதினொன்றரைக்கு, மேட்டூர் அணையில் தண்ணீர் வற்றும்போது வெளியே வரும் ஊரைப் பற்றிய பேய்ப் படம். அதன் முன்னோட்டத்தை எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. அதற்காகத்தான் கிளம்பினேன்.

எட்டு மணிக்கு ஆண்டகளூர் கேட்டில் நாற்பது வயதுப் பெண் ஒருத்தி ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தாள். கையில் விழாவின் அழைப்பிதழ். ஃபேர்லேண்ட்ஸுக்கு எப்படிப் போக வேண்டும் என்று கேட்டாள். நானும் அங்கேதான் போகிறேன் என்றதும் முகம் தெளிந்தது. பெயர் சரசு. திருச்செங்கோடு பக்கம். நூல் மில்லில் வேலை.

அவள் கணவர் போர்வெல் போடும் ரிக் வண்டியில் இருந்தவர். போன வருடம் சத்தீஸ்கரில், வண்டியிலேயே நெஞ்சுவலி வந்து இறந்துபோனார். அவருடைய போனும் அங்கேயே தொலைந்துவிட்டது. அதற்குச் சில வாரம் முன்புதான் ஒரு படக்குழு அந்த வண்டியோடு போய்ப் படம் எடுத்திருக்கிறது. அந்தப் படம்தான் இன்று விழாவில்.

“போட்டோ இருக்குதுங்க டீச்சர். குரல்தான் எதுலயுமே இல்லீங்க. இதுல பேசறாருன்னு சொன்னாங்க” என்றாள்.

புதிய பேருந்து நிலையத்திலிருந்து ஆட்டோவில் போனோம். நூறு ரூபாய். ஒன்பதரைக்கு அரங்க வாசலில் அன்றைய நேரப் பட்டியலைப் பார்த்த பிறகுதான் சிக்கல் தெரிந்தது. அழைப்பிதழில் நேரம் போடாமல் விட்டிருந்த ரிக் படத்தை மூன்று மணிக்கு வைத்திருந்தார்கள். சரசுவுக்கு ஊரில் மூன்று மணிக்கு மில் வேன். ஏற்கெனவே எடுத்த லீவு அதிகம். இன்னொரு நாள் கேட்க முடியாது. ஒன்றரைக்கெல்லாம் அவள் பேருந்தில் இருக்க வேண்டும்.

அவள் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. படிக்கட்டில் உட்கார்ந்து செருப்பின் வாரைச் சரிசெய்துகொண்டிருந்தாள். அதைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க முடியாமல் அமைப்பாளரைத் தேடிப் போனேன். தூக்கமில்லாத முகத்தோடு, தாடி வைத்த இளைஞர். முழுவதும் கேட்டார். மேட்டூர் படத்தை மூன்று மணிக்குத் தள்ளினால்தான் உண்டு, அதற்கென்றே வந்தவர்கள் சண்டைக்கு வருவார்கள் என்றார்.

“நீங்க எந்தப் படத்துக்கு வந்தீங்க?”

“மேட்டூர் படத்துக்குத்தான்.”

“மூணு மணிக்குப் பார்க்க முடியுமா உங்களால?”

முடியும் என்றேன். மூன்றே முக்காலுக்கு நான் கிளம்பியாக வேண்டும் என்பதைச் சொல்லவில்லை.

முட்டை லாரிப் படம் நன்றாகவே இருந்தது. என் மனம்தான் அதில் இல்லை. பதினொன்றரைக்கு ரிக் படம் தொடங்கியது. புழுதி, இரைச்சல், பாறைத்தூள் அப்பிய ஆட்கள். சரசு முன்சீட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். இருபதாவது நிமிடத்தில் அவர் வந்தார். மெலிந்த ஆள், தலையில் துண்டு. கம்ப்ரசர் சூடாகிவிட்டது, அரை மணி நிறுத்துங்கள் என்று யாரிடமோ சொன்னார். பிறகு கேமரா பக்கம் திரும்பி, “இதையெல்லாமுங்களா படம் புடிக்கறீங்க?” என்று சிரித்தார். அவ்வளவுதான். ஒரு நிமிடம்கூட இருக்காது.

படம் முடிந்து கூட்டம் கலைந்ததும் அமைப்பாளர் கதவைச் சாத்திவிட்டு அந்தப் பகுதியை மட்டும் மறுபடி ஓட்டச் சொன்னார். அரங்கில் போனில் படம் எடுக்கக் கூடாது என்று காலையில் அறிவித்தவரே, என்னைப் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். எடுத்து சரசுவின் போனுக்கு அனுப்பினேன். அவள் அதைக் காதோடு வைத்துக் கேட்டாள். அழுவாள் என்று நினைத்தேன்.

“சளி புடிச்சிருக்குதுங்க அவருக்கு. தொண்டை கட்டியிருக்குது பாருங்க” என்றாள். மறுபடி கேட்டாள். “அந்தச் சமயத்துலதான் போனுல கேட்டனுங்க, ஒடம்பு நல்லா இருக்குதான்னு. நல்லா இருக்கறேன்னாரு.”

ஒரு மணிக்கு அவளை ஆட்டோ ஏற்றிவிட்டேன். “வாரேனுங்க டீச்சர்” என்றாள்.

எதிரே ஒரு மெஸ்ஸில் தக்காளிச் சாதம் சாப்பிட்டுவிட்டு மூன்று மணிக்கு மேட்டூர் படத்தில் உட்கார்ந்தேன். எதிர்பார்த்ததைவிட நல்ல படம். தண்ணீர் இறங்கி, சேற்றில் முதல் கூரை தெரியும் இடத்தில் மணி மூன்றே முக்கால். எழுந்து, பக்கத்து ஆட்களின் முழங்கால்களைத் தாண்டி வெளியே வந்தேன். கண் கூசியது. திரும்பும் பேருந்தில் உட்கார இடம் கிடைத்தது நாமக்கல்லுக்குக் கொஞ்சம் முன்னால், புதன்சந்தையில்தான்.

ஐந்தே முக்காலுக்கு விடுதி. பதிவு எடுத்து முடித்ததும் பிள்ளைகள் பேய்ப் படத்தின் கதை கேட்டுச் சூழ்ந்துகொண்டார்கள். முடிவு தெரியாத கதையை எப்படிச் சொல்வது? தொண்டை கட்டியதை மனைவியிடம் மறைத்த ரிக்காரரைப் பற்றிச் சொன்னேன். சிலர் ஏமாந்துதான் போனார்கள்.

எல்லோரும் கலைந்த பிறகு ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி மட்டும் நின்றாள். வீட்டுக்குப் பேச இன்னும் நேரம் இருக்கிறதா மிஸ் என்று கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை பேசும் நேரம் ஐந்து மணியோடு முடிந்திருந்தது. என் போனை எடுத்து அவளிடம் கொடுத்தேன்.