பழைய மாமாவின் வாசனை

அந்தக் காலத்தில் எங்கள் வீட்டில் என் மூக்குக்கு இருந்த மரியாதை வேறு யாருக்கும் இல்லை. மாமா வேலை முடிந்து வந்ததும் குனிந்து, என் முகத்துக்கு நேராக "ஹா" என்று ஊதுவார். அவர் என்ன சாப்பிட்டார் என்று நான் சொல்ல வேண்டும். "மீ கோரேங்!" என்பேன். "தே தாரேக், கூடவே கறிபாப்!" என்பேன். அத்தை பாத்திரம் கழுவுவதை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார். இப்படியொரு திறமைசாலி பினாங்குத் தீவிலேயே கிடையாது என்று நான் நம்பியிருந்தேன்.

மாமா என் அம்மாவின் தம்பி. அவரும் அத்தையும் பாயான் லெப்பாஸ் அடுக்குமாடியில் எங்களோடுதான் இருந்தார்கள். குடியால் தொழிற்சாலை பஸ் ஓட்டும் வேலையைத் தொலைத்து, மறுவாழ்வு இல்லத்தில் சில மாதம் இருந்துவிட்டு வந்து, இப்போது வேறு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். இனி ஒரு சொட்டு உள்ளே போனாலும் நிபோங் திபாலில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போய்விடுவேன், திரும்பி வரமாட்டேன் என்று அத்தை சொல்லியிருந்தார். அத்தை சொன்னால் சொன்னதுதான்.

ஹரி ராயாப் பெருநாள் அன்று, மாக்சிக் என்று நாங்கள் கூப்பிடும் பக்கத்து வீட்டு மலாய்க்காரப் பெண்மணிக்கு நாற்காலி தூக்கிப்போட மாமா முதலில் போனார். திரும்பி வந்து வழக்கம்போல ஊதினார். இனிப்பும் புளிப்புமாக ஒரு வாசனை. எங்கேயோ பழகிய வாசனை. சட்டென்று பிடிபட்டது.

"பழைய மாமா!" என்று கத்திக் கைதட்டினேன்.

அத்தை சோப்புக் கையோடு ஓடிவந்தார். "மறுபடியும் ஆரம்பிச்சிட்டீங்களா?"

"ஐயோ, குடிக்கல லா! மாக்சிக் வீட்டுல பச்ச கலர்ல ஒரு சோறு குடுத்தாங்க. அதத்தான் தின்னேன்."

"சோறு தின்னா இந்த நாத்தம் வருமா? பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லுங்க!"

அலமாரி மேலிருந்து பெட்டி இறங்கியது. சேலைகள் அதற்குள் விழுந்தன. மாமா வாசலை மறித்துக்கொண்டு, "ஒரே ஒரு தடவ மாக்சிக்கிட்ட வந்து கேளு லா" என்று கெஞ்சினார். நான் சரியாகச் சொன்னதற்கு இப்படியா நடக்கும்? கடைசியில் அம்மாதான் அத்தையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்; மாமாவும் நானும் பின்னாலேயே போனோம்.

மாக்சிக் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரு டப்பாவைத் திறந்தார். குப்பென்று மாமாவின் வாசனை.

"அலாமாக், தாப்பாய் லா!"

பசையரிசிச் சோற்றில் ஈஸ்ட் கலந்து, இலையில் பொட்டலம் கட்டிப் புளிக்க வைக்கும் பலகாரமாம். ராயாவுக்கு ராயா செய்வாராம். அத்தை சந்தேகத்தோடு ஒரு வாய் வைத்தார். பிறகு இன்னொரு வாய். அம்மாவும் எடுத்துக்கொண்டார். மாமாவின் கை நீண்டபோது, "உங்களுக்குப் போதும்" என்று அத்தை டப்பாவைத் தள்ளி வைத்து, ரெண்டாங் கறித் தட்டை அவர் பக்கம் நகர்த்தினார். நான் வரிசையாக மோந்து பார்த்து, "பழைய அத்தை! பழைய அம்மா!" என்று அறிவித்தேன். மாக்சிக் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அன்று அந்த வீட்டில் சிரிக்காதவர்களே இல்லை.

வீட்டுக்கு வந்து சேலைகளைத் திரும்ப அடுக்கும்போதும் அத்தை விடவில்லை. "திங்கிறதுக்கு முந்தி என்னா ஏதுன்னு கேக்கத் தெரியாதா? உயிரே போச்சு!" மாமா கட்டிலோரம் உட்கார்ந்து, கண்ணில் நீர் வழிய, காதுவரை சிரித்துக்கொண்டிருந்தார். திட்டத் திட்டச் சிரிப்பு கூடிக்கொண்டே போனது. தாப்பாய் தலைக்கு ஏறிவிட்டது என்று நினைத்தேன். செய்யாத குற்றத்துக்காக அவர் திட்டு வாங்குவது அதுதான் முதல் தடவை என்று எனக்கு எப்படித் தெரியும்?