கூடுதலாக ஒரு கல்லறை

கல்லறைத் திருநாளுக்கு முந்தின நாள், தாத்தாவின் கல்லறைக்கு அப்பா சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு அது தோன்றியது. கண்ணைப் பாதி மூடிப் பார்த்தால் அங்கே மூன்றே நிறங்கள். பின்னால் நாகமலை நீலம், கீழே செம்மண், நடுவில் வெள்ளை. பெயர், சிலுவை, பூமாலை எல்லாவற்றையும் விட்டுவிட்டால் கல்லறைகள் வெறும் வெள்ளைக் கட்டங்கள். அப்போது எட்டாம் வகுப்பு. பள்ளி ஓவியப் போட்டிக்கு அதையே கொடுப்பதென்று வீட்டுக்கு ஓடி வந்து வரைந்தேன்.

தாத்தாவுக்குப் பக்கத்தில் எங்கள் குடும்பத்துக்கென்று ஒதுக்கிய இடம் காலியாகக் கிடந்தது. படத்தில் அது வெறிச்சென்று தெரிந்தது. அங்கேயும் ஒரு வெள்ளைக் கட்டம் போட்டேன். படம் நிமிர்ந்து நின்றது.

மறுநாள் பாதிரியார் தீர்த்தம் தெளித்துக் கல்லறை மந்திரிப்பு முடிந்து பெரியப்பாவும் பெரியம்மாவும் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார்கள். பெரியப்பா ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. வெறும் வாயுத் தொல்லை என்று எல்லோரும் சொன்னார்கள். காய வைத்திருந்த படத்தைப் பெரியம்மாதான் முதலில் பார்த்தார்.

“மாமனாருக்குப் பக்கத்துல யாரு இது?” என்று அம்மாவைக் கேட்டார். “அதுக்குள்ள கட்டி வெள்ளையும் அடிச்சிட்டீங்களாக்கும்.”

“சின்னப்புள்ள ஏதோ கிறுக்கியிருக்குக்கா.”

கிறுக்கல் என்றதும் எனக்குச் சுருக்கென்றது. “ஒரு பக்கமா சாயுது பெரியம்மா. பேலன்ஸுக்குத்தான்” என்றேன். யாரும் நம்பவில்லை. அப்பா முறைத்த முறையில், நானே எதையோ ஒட்டுக்கேட்டுவிட்டேனோ என்று எனக்கே சந்தேகம் வந்தது.

கை கழுவுகிற இடத்தில் பெரியப்பா குனிந்து மெல்லக் கேட்டார். “ஏ பாப்பா, டாக்டர் என்னையப் பத்தி என்ன சொன்னாருன்னு ஒங்கப்பன் வீட்ல பேசுனானா? நான் அவன்ட்ட சொல்ல மாட்டேன்.”

“இல்ல பெரியப்பா. நெசமாவே பேலன்ஸ்தான்.”

“இம்புட்டு வெவரமா பேச யாரு சொல்லிக்குடுத்தா?” என்று சிரித்தார்.

அம்மா சொன்னபடி அந்தக் கட்டத்தின் மேல் செம்மண் நிறத்தைப் பூசினேன். வெள்ளை அடியிலிருந்து தெரிந்தது. மறுபடியும் பூசினேன். பெரியப்பா நகராமல் பார்த்துக்கொண்டே நின்றார். போட்டிக்கான படம் பாழாகிறதே என்று வருத்தப்படுகிறார் என்றுதான் நினைத்தேன். எல்லோருக்கும் தெரிந்து தனக்கு மட்டும் மறைத்த ஒன்றை அவர் என்னிடம் தேடியிருக்கிறார் என்பது, அவரைத் தாத்தாவுக்குப் பக்கத்தில் அந்தக் காலி இடத்திலேயே அடக்கம் செய்து வெகுநாள் கழித்துத்தான் உறைத்தது.

இப்போது கல்லூரி விடுமுறை. புதுத் தாள் ஒட்டி வைத்திருக்கிறேன். இந்த முறை மலையும் கிடையாது, கல்லறையும் கிடையாது. குனிந்து கேட்ட அந்த முகம் மட்டும். செம்மண்ணில் வெள்ளை கலந்தால் தோல் வந்துவிடும், கண்ணுக்குக் கீழே கொஞ்சம் நீலம் போதும். என் பதிலை நம்பாத அந்தப் பார்வையைத்தான் எப்படிக் கொண்டுவருவதென்று தெரியவில்லை. நாளைக் காலையில் அங்கிருந்தே ஆரம்பிக்கப் போகிறேன்.