நாற்றம் தொடங்கிய தேதி

மார்ச் 4: வாஷ்பேசின் குழாய், அமுக்கு மூடி வைத்த வடிகால் – 2,270
மார்ச் 15: பாச்சை உருண்டை – 60
மார்ச் 19: மருந்து சோப்பு, எனக்கு – 85
மார்ச் 26: ரூம் ஸ்பிரே – 240
ஏப்ரல் 2: மருந்து சோப்பு மூன்று, எனக்கு – 255
ஏப்ரல் 9: முதியோர் இல்லம், விண்ணப்பக் கட்டணம் – 500

இதை நோட்டில் எழுதியவர் எடைமேடைக் குமாஸ்தாவாக முப்பத்து நான்கு வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். லாரியைச் சரக்கோடு ஒரு தரம், சரக்கை இறக்கிவிட்டு ஒரு தரம் நிறுத்தி, முன்னதிலிருந்து பின்னதைக் கழித்துச் சீட்டுக் கொடுப்பார். எந்த ஓட்டுநரும் அவர் கண்ணில் மண்ணைத் தூவியதில்லை. மனைவி போன பிறகு மகன் வீட்டோடு வந்துவிட்டார்.

மார்ச் நான்காம் தேதி, மகன் போனில் வீடியோ பார்த்தே வாஷ்பேசினுக்குப் புதுக் குழாய் மாட்டினான். பழைய வடிகாலையும் பிடுங்கிவிட்டு, விரலால் அமுக்கினால் மூடி, மறுபடி அமுக்கினால் திறக்கும் புதியதை இறுக்கினான். ஒரு சொட்டு ஒழுகவில்லை. அவனுக்குத் தலைகால் புரியவில்லை. தினமும் காலையில் பேசினை மூடி, வெந்நீர் தளும்பத் தளும்ப நிரப்பி, துரை மாதிரி சவரம் செய்துகொள்வான்.

பதின்மூன்றாம் தேதி மருமகள் குளியலறையிலிருந்து மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தாள்.

"மாமா, இன்னிக்குக் குளிச்சீங்களா?"

"குளிச்சேனேம்மா."

"சோப்பு போட்டா?"

அந்த அறையை அதிகம் புழங்கியவர் அவர்தான். பழியும் அவர் தலையில் விழுந்தது. அவர் துண்டு தனிக் கொடிக்குப் போனது. சட்டை தனி வாளிக்குப் போனது. டிவியிலிருந்து கண்ணை எடுக்காமலே மகன் ஒருநாள் சொன்னான்: "வயசானா அவங்க வாடை அவங்களுக்கே தெரியாதாம்பா. தப்பா எடுத்துக்காதீங்க."

அவர் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. நம்பிவிட்டார். நாளைக்கு மூன்று குளியல் குளித்தார். மருந்து சோப்பில் முழங்கைத் தோல் உரிந்தது. ஆள் இல்லாத நேரம் பார்த்துச் சட்டைக் கழுத்தை முகர்ந்து பார்ப்பார். இல்லத்து விண்ணப்பத்தை மகன் நீட்டியபோது, கையெழுத்து எந்த இடத்தில் என்று மட்டும் கேட்டார்.

ஏப்ரல் பதினெட்டாம் தேதி நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். மார்ச் 13க்கு எதிரே செலவு எதுவும் இல்லை. ஓரத்தில் 'குளித்தீர்களா என்றாள்' என்று மட்டும் குறித்திருந்தார். அதற்கு ஒன்பது நாள் முன்பு குழாய். உடம்பு அதே உடம்பு, குளியலும் அதே குளியல். புதுச் சரக்கு ஏறியிருந்தது பேசினில் மட்டும்தான். கழித்துப் பார்த்தார்.

எழுந்து போய், பேசினின் விளிம்புக்குக் கீழே, நிரம்பிய தண்ணீர் வழிந்து போவதற்காக இருந்த சிறு துளையில் மூக்கை வைத்தார். நாற்றம் அங்கிருந்துதான் வந்தது. ஒரு குவளைத் தண்ணீரை அதில் ஊற்றினார். கீழே இறங்க வேண்டியது இறங்காமல், கறுத்த கூழாக அதே துளை வழியே திரும்பி வந்தது. கூழில் பொடிப் பொடியாக முடி. அத்தனையும் கறுப்பு. அவர் தாடி தும்பைப் பூவாய் நரைத்துப் பதினைந்து வருடம் ஆகியிருந்தது.

மறுநாள் பிளம்பர் வந்து வடிகாலைக் கழற்றி, முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"பழசுல பக்கவாட்டுல ரெண்டு ஓட்டை இருந்திருக்கும். மேல வழியற தண்ணி அதுலதான் இறங்கணும். இது ஓட்டையே இல்லாத மாடல். ஒன்றரை மாச ஷேவிங் தண்ணி உள்ளயே ஊறிக் கிடக்கு. செத்த எலி தேவலாம். யாரு சார் மாட்டினது?"

மகன் சுவரைப் பார்த்தான்.

அன்று மாலையே துண்டு பழைய கொடிக்குத் திரும்பி வந்தது. மருமகள் கேட்காமலே இரண்டாவது காப்பி கொடுத்தாள். மகன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

"அப்பா, இல்லத்துக்கு வேண்டாம்னு எழுதிடறேன்."

"நான் எழுதிட்டேன்."

"என்னன்னு?"

"ஜன்னல் வச்ச அறையா வேணும்னு."

"அதான் நாத்தம் போயிடுச்சேப்பா."

"பேசின்ல போயிடுச்சு."

பிளம்பர் கூலியையும், ஓட்டை வைத்த வடிகாலின் விலையையும் நோட்டில் ஏற்றினார். மீதியிருந்த மருந்து சோப்பைக் குப்பையில் போட்டார்.

ஜன்னலோர அறை ஒதுக்கியாயிற்று என்று இல்லத்திலிருந்து கடிதம் வந்த தேதி: மே 6.