நீங்கதானா சார்?

இணையப் பாதுகாப்பு பற்றி ஊழியர்களுக்கு எடுத்துச்சொல்லத் தன்னார்வலர் வேண்டும் என்று பதிவாளர் கேட்டதும், கூட்டத்தில் இருந்த அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் தரையில் எதையோ தேட வேண்டியிருந்தது. ஒரு தலைகூட நிமிரவில்லை. எனக்கு வந்த எரிச்சலில் கையைத் தூக்கிவிட்டேன். நான் நூலகத்தில் புத்தகங்களைப் பட்டியல் போடுகிறவள். கம்ப்யூட்டர் படித்தவள் இல்லை. ஆனால் வாய் இருக்கிறது, அது சும்மா இருக்காது.

தாம்பரத்தை ஒட்டிய எங்கள் பல்கலைக்கழகத்தில் முதல் வகுப்பை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு போட்டுத் தொலைத்தார்கள். வைரஸ், ஹேக்கர் என்று படம் போட்டுக் காட்டினேன். முன்வரிசையிலேயே ஒருவர் குறட்டை விட்டார். படங்களை நிறுத்திவிட்டு ஆளுக்கொரு துண்டுச் சீட்டு கொடுத்தேன். ஒரே கேள்வி: ‘பதிவாளர் வாட்ஸப்பில் உங்கள் பாஸ்வேர்டைக் கேட்கிறார். என்ன செய்வீர்கள்?’

எல்லாச் சீட்டிலும் ஒரே பதில்தான், அனுப்புவேன். ஒரு புண்ணியவான், ‘அனுப்பிவிட்டு, தாமதத்துக்கு மன்னிக்கவும் ஐயா என்றும் எழுதுவேன்’ என்று சேர்த்திருந்தார்.

எங்கள் ஓட்டை எங்கே என்று அன்றுதான் புரிந்தது. மேலே இருக்கிறவர் கேட்டால் கொடுத்துத்தான் எங்களுக்குப் பழக்கம். ஏன், எதற்கு என்று திருப்பிக் கேட்டால் திமிர் பிடித்தவர் என்று பெயர். பதிவாளரை நேரடியாகப் போனில் கூப்பிடுவதுகூட அதிகப்பிரசங்கித்தனம், எதுவானாலும் அவருடைய உதவியாளர் வழியாகத்தான் போக வேண்டும். இப்படிப்பட்ட இடத்தில் திருடனுக்குக் கம்ப்யூட்டர் அறிவு எதற்கு? வாட்ஸப்பில் முகமாக வைக்கப் பதிவாளரின் போட்டோ ஒன்று இருந்தால் போதும்.

அடுத்த வகுப்பில் பாடத்தையே மாற்றினேன். இரண்டிரண்டு பேராக உட்கார வேண்டும். ஒருவர் பதிவாளர், மற்றவர் ஊழியர். ஊழியர் சத்தமாகச் சொல்ல வேண்டியது ஒரே வரி: “சார், இதைக் கேட்டது நீங்கதானா?” அந்த வரி யார் வாயிலிருந்தும் வரவில்லை. தேர்வுப் பிரிவு அலுவலர், “இதைக் கேக்கறதுக்கு நான் வி.ஆர்.எஸ். வாங்கிட்டுப் போயிடுவேன் மேடம்” என்றார். அறையே சிரித்தது.

அவருடைய பிரிவில் மதிப்பெண் பதிவு செய்யும் பெண் ஒருத்தி, பம்மலிலிருந்து ஷேர் ஆட்டோவும் பஸ்ஸும் மாறி மாறி ஏறி வருகிறவள். ஒப்பந்த வேலை. வருடா வருடம் ஜூனில் புதுப்பித்தால்தான் உண்டு. வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டே நாலைந்து முறை முயன்று, கடைசியில் அந்த வரியை முழுசாகச் சொல்லிவிட்டாள். வகுப்பு முடிந்ததும் என்னிடம் வந்தாள்.

“அக்கா, நெசமா கேட்டா வேலைய வுட்டுத் தூக்கிடுவாங்களே? எனக்கு ரெண்டு பசங்க கீது.”

“தூக்க மாட்டாங்க. நான் பொறுப்பு” என்றேன்.

நான் எப்படிப் பொறுப்பாக முடியும்? என் சொந்த மாறுதல் மனுவே இரண்டு வருடமாக யாருடைய மேஜையிலோ தூங்கிக்கொண்டிருந்தது. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம், மாடம்பாக்கம் வந்து சேரும்வரை, என்னையே திட்டிக்கொண்டேன்.

தேர்வு முடிவுகள் வெளிவருவதற்கு முந்தைய வாரம், வெளியிலிருந்து ஆய்வுக் குழு ஒன்று வந்திருந்தது. காலை பதினோரு மணி இருக்கும். பம்மல் பெண் என்னைப் போனில் கூப்பிட்டாள்.

“அக்கா, பதிவாளர் சார் மெசேஜ் போட்டுக்கீறாரு. எங்க பிரிவு லாகின், பாஸ்வேர்டு ரெண்டும் உடனே அனுப்பணுமாம், அவசரமாம்.”

“புது நம்பரா?”

“இல்லக்கா, அவரு நம்பர்தான். போன மாசம் எனக்கு லீவு குடுத்த மெசேஜ்கூட அதுக்கு மேலயே கீது.”

பின்னால் அவளுடைய பிரிவு அலுவலர் பேசுவது கேட்டது: “குழு முன்னாடி காட்டக் கேக்கறாரும்மா. அனுப்பித் தொலை. ஜூன்ல உன் பைல் அவர்கிட்டதான் போகணும்.” மெசேஜில் குழுவைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. காரணத்தை எங்கள் ஆட்களே தயார் செய்து கொடுத்துவிட்டார்கள்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ‘அனுப்பிடு, வம்பு வேண்டாம்’ என்று என் நாக்கு நுனிவரை வந்தது. நிஜமாகவே அவர்தான் கேட்டிருந்தால் இவள் கதி? ஆனால் அந்த பாஸ்வேர்டு வேறு யாரிடமாவது போனால், அத்தனை பிள்ளைகளின் மதிப்பெண்ணும் அவன் கையில். “வாட்ஸப்ல வேணாம், அவரைச் சாதாரண கால்ல கூப்பிடு” என்றேன்.

கூப்பிட்டாள். அவர் கட் செய்தார். மறுபடி கூப்பிட்டாள், மறுபடியும் கட். அடுத்த நிமிடம் இன்னொரு மெசேஜ்: ‘ஏன் தாமதம்?’

என்னை மறுபடி கூப்பிட்டு இதையெல்லாம் சொன்னவள், “அக்கா, நான் நேர்லயே போறேன்” என்று போனை வைத்துவிட்டாள்.

நான் நூலகத்திலிருந்து ஓடினேன். என் உடம்புக்கு அது ஓட்டம்தான், பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ. கூட்ட அறை வாசலில் இருந்த உதவியாளர், “உள்ள குழு இருக்கு, போகாதம்மா” என்று கையை நீட்டித் தடுக்க, அவள் அந்தக் கைக்குக் கீழே குனிந்து நுழைந்துவிட்டாள். திட்டு விழுந்தால் இரண்டு பேருக்கும் விழட்டும் என்று நானும் பின்னாலேயே போய் நின்றேன்.

பதிவாளர் முகம் சிவந்தது. “என்ன இது?”

அவள் புடவைத் தலைப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ஒரு எழுத்துகூடத் திக்காமல் கேட்டாள்: “சார், எங்க பிரிவு பாஸ்வேர்டைக் கேட்டது நீங்கதானா?”

“நானா? நான் எதுக்கும்மா கேக்கப்போறேன்? குழு இருக்குன்னு உன் போனையே கட் பண்ணிட்டு உக்காந்திருக்கேன்.”

அவள் தன் போனை நீட்டினாள். அதைப் படித்துவிட்டு அவர் தன் போனை எடுத்தார். வாட்ஸப்பைத் திறந்தால், புதிதாக வாங்கிய போனைப் போல உங்கள் எண்ணைப் பதிவு செய்யுங்கள் என்று கேட்டுக்கொண்டு நிற்கிறது. அவர் கணக்கையே யாரோ தூக்கிக்கொண்டு போயிருந்தார்கள். சிவந்திருந்த முகம் வெளுத்துப்போனது. குழுத் தலைவி பேனாவைக் கீழே வைத்துவிட்டு இவளையே பார்த்தார்.

பிறகு நடந்ததெல்லாம் வேகம். ஒவ்வொரு பிரிவுக்கும் இன்டர்காமில் பதிவாளரே பேசினார். அதே மெசேஜ் பல பிரிவுகளுக்குப் போயிருந்தது. சேர்க்கைப் பிரிவில் ஒருவர் பாஸ்வேர்டில் பாதியை டைப் செய்து முடித்திருந்தாராம். ஒரு பிரிவிலிருந்தும் எதுவும் போகவில்லை. சாயங்காலத்துக்குள் அவர் கணக்கும் திரும்பிவிட்டது.

கணக்கு எப்படிப் போனது என்று அவரிடமே கேட்டேன். காலையில் துணைவேந்தர் பெயரில் ஒரு மெசேஜ்: ‘உங்களுக்கு வந்த ஆறு இலக்க எண்ணை அனுப்புங்கள்.’ அது அவர் வாட்ஸப் கணக்கைத் திறக்கும் எண். இவரும் அனுப்பியிருக்கிறார்.

“கூப்பிட்டுக் கேட்டிருக்கலாமே சார்?”

“துணைவேந்தர்கிட்ட எப்படிம்மா திருப்பிக் கேக்கறது?” என்றார். சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவருக்கே உறைத்தது. தலையில் கையை வைத்துக்கொண்டு சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். அவர் முன்னால் அப்படிச் சிரித்தது அதுவே முதல்முறை.

மறுநாள் அவர் கையெழுத்தோடு சுற்றறிக்கை வந்தது. எந்த ஊழியரும் எந்த அதிகாரியையும் கூப்பிட்டு ‘நீங்கள்தானா’ என்று கேட்கலாம், கேட்டவரை யாரும் கடிந்துகொள்ளக் கூடாது. அதை நான் நாலு தடவை படித்தேன். அடுத்த வகுப்பில் உட்கார இடமில்லை, குறட்டை விட்டவர்கூட நோட்டோடு வந்திருந்தார். பாடம் நடத்தியவள் நான் இல்லை, பம்மல்காரிதான்.

ஜூன் மாதம் ஒருநாள் தேர்வுப் பிரிவில் அவளோடு பேசிக்கொண்டிருந்தேன். இன்டர்காம் அடித்தது. எடுத்தாள். பதிவாளர் குரல் எனக்கே கேட்டது.

“நான்தான்மா பேசறேன். உங்க ஒப்பந்த விஷயமா ஒண்ணு சொல்லணும். சந்தேகம்னா வச்சிட்டுத் திரும்பக் கூப்பிடுங்க.”

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். பிரிவு அலுவலர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்து, வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினார்.

“சரிங்க சார்” என்று அவள் போனை வைத்தாள். எண்ணைப் பார்த்து நிதானமாக அழுத்தினாள். முதல் மணியிலேயே அவர் எடுத்தார்.

“நான்தான்மா. கையெழுத்துப் போட்டாச்சு.”