கீழே வைத்த கோப்பை

அரபு மலையூரான கரக்கில் தண்ணீர் லாரி ஓட்டும் அவ்வாத், ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு மறுபடியும் பால்புட்டி குடிக்க ஆரம்பித்துவிட்டார் என்று ஊரே சிரித்தது. பால்புட்டி என்று அவர்கள் சொன்னது, கோட்டைக்குக் கீழே செல்போன் கடைக்காரன் வேப் என்று சொல்லி விற்கிற ஊதா நிறக் குழலைத்தான். திராட்சை வாசனை. உறிஞ்சினால் நுனியில் ஒரு விளக்கு மினுக்கும், வாயிலிருந்து மேகம் மேகமாக வரும். அவர் லாரி தெருவுக்குள் நுழையும்போதே, யார் வீட்டில் ஜாம் கொதிக்கிறது என்று கேட்டுச் சிரிப்பார்கள். அவ்வாதும் சேர்ந்து சிரிப்பார். உள்ளுக்குள் எரியும்.

சும்மா சொல்லக்கூடாது, மனுஷன் சிகரெட்டைக் கைவிட உண்மையாகவே முயன்றார். ஆனால் முப்பது வருஷமாக உடம்பு படித்த பாடத்தை ஒரு குழல் வந்து மறக்கடித்துவிடுமா? தொண்டை அரித்தது. புதுவிதமான இருமல் வந்தது. சட்டைப் பையில் திரவம் கசிந்து பிசுபிசுத்தது. அவசரத்துக்கு எடுத்தால் சார்ஜ் இருக்காது. எல்லாம் சரியாக இருக்கிற நாளிலும், சாப்பிட்ட மாதிரியும் இருக்கும், பசியும் போயிருக்காது.

தொழிலிலும் கை வைத்தது அந்தக் குழல். அவ்வாத் எந்தக் காலத்திலும் மணி பார்த்துத் தண்ணீர் ஏற்றியதில்லை. ஹோஸை மாடித் தொட்டிக்குள் விட்டு மோட்டாரைப் போட்டுவிட்டு, லாரி நிழலில் குந்தி ஒரு சிகரெட் பற்றவைப்பார். அது விரலைச் சுடும்போது எழுந்து நிறுத்தினால் தொட்டி நிறைந்திருக்கும். குழலுக்கு அப்படி ஒரு முடிவே கிடையாது. உறிஞ்ச உறிஞ்ச வந்துகொண்டே இருக்கும். அப்படி ஒரு நாள் அவர் பாட்டுக்கு உறிஞ்சிக்கொண்டிருக்க, உம்மு ராத்திப் வீட்டுத் தொட்டி நிரம்பி வழிந்து, படியிறங்கி, அவள் வெயிலில் போட்டிருந்த மெத்தைகளையெல்லாம் நனைத்துவிட்டது. தண்ணீருக்கு ஊரே நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டிருந்த ஆகஸ்ட் மாதம் அது. உம்மு ராத்திப் விதவை, வாய் கொஞ்சம் நீளம்.

"என் வீட்டுக்காரரு புகையில போனாரு. நீ என்னைத் தண்ணியில அனுப்பப் பாக்குறியா, அபூ ஹாயில்?" என்றாள். மூத்த மகன் பேரைச் சேர்த்து அவ்வாதை ஊர் கூப்பிடுவது அப்படித்தான்.

இத்தனை கேலியையும் அவர் தாங்கிக்கொண்டது ஒரே ஒரு ஆளுக்காக. அந்த ஆள் யமான். மகள் மைசூனின் குழந்தை, அவருடைய முதல் பேரன். மாதம் நிறையாமல் பிறந்து, கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்து, குழாய் வழியாக மூச்சு விட்டு ஒருவழியாகத் தேறியவன். நுரையீரல் இன்னும் நோஞ்சான்தான், புகை பட்ட திரைச்சீலைகூட ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பிரசவமான பெண் நாற்பது நாள் தாய்வீட்டில் கிடக்க வேண்டும். மைசூன் வரவில்லை. மேட்டுத் தெருவில், புருஷன் வீட்டிலேயே இருந்துகொண்டாள். மகளுக்கும் அப்பாவுக்கும் ஏதோ சண்டை என்று அக்கம்பக்கம் பேச ஆரம்பித்தது. அவ்வாத் சிகரெட்டை விட்டுவிட்டேன் என்று குழலைத் தூக்கிக்கொண்டு அவள் வாசலுக்குப் போனபோது, மகள் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே சொன்னாள்.

"நீங்க மட்டும் விட்டாப் போதாதுப்பா. நம்ம கூடத்துல சுவரே புகை விடுது. தினம் பத்துப் பேரு வந்து உக்காந்து ஊதுறாங்க. அங்க எப்படிப் பையனைக் கொண்டுவருவேன்?"

அவள் சொன்னது நியாயம். அவ்வாதின் கூடம் அப்படி. மாலையானால் ஒன்றுவிட்ட தம்பி க்லைஃப், சொந்தக்காரர்கள், டயர் கடைக்காரர், சந்தையில் ஆடு விற்கிறவர் என்று வரிசையாக வந்து மெத்தையில் சாய்வார்கள். கசப்புக் காபி ஒரு சுற்று, சிகரெட் ஒரு சுற்று. வந்தவர் கேட்பதற்கு முன்னால் பாக்கெட்டை நீட்டுவதுதான் அந்த ஊரில் மரியாதை. விருந்தாளியைப் பார்த்து என் வீட்டில் பற்றவைக்காதே என்று சொல்வது, என் வீட்டுச் சோற்றைத் தொடாதே என்று சொல்வதற்குச் சமம். அவ்வாத் சொல்லிப் பார்க்கலாம் என்று வாயைத் திறப்பார். திறந்த வாயால் "இன்னொரு காபி" என்பார். மனைவி உம்மு ஹாயில் மட்டும் சளைக்காமல் திரைச்சீலையைத் துவைத்துத் துவைத்து மாட்டிக்கொண்டிருந்தாள். துவைத்த தண்ணீர் தேநீர் நிறத்தில் ஓடும். மறுநாளே பழைய நாற்றம்.

கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்து ஆண்கள் எல்லாரும் ஹாஜ் மின்வர் வீட்டுக் கூடத்தில் கூடியிருந்தபோது அவ்வாத் போய் உட்கார்ந்தார். மின்வர் அவருக்குப் பெரியப்பா முறை, அந்த வம்சத்துக்கே மூத்தவர். ஒரு சிகரெட்டின் நெருப்பில் அடுத்ததைப் பற்றவைக்கிறவர். காபிக் கோப்பை கைக்கு வந்தது. அவ்வாத் அதை உதட்டுக்குக் கொண்டுபோகாமல், தன் முன்னால் தரையில் வைத்தார்.

கூடம் கப்சிப் என்று ஆகிவிட்டது. பெண் கேட்க வருகிறவன் கோப்பையைக் கீழே வைப்பான். கொலைக்குச் சமாதானம் கேட்டு வருகிறவன் வைப்பான். கேட்டது கிடைக்கும்வரை குடிக்க மாட்டேன் என்று அர்த்தம். அவ்வாதின் லாரி யாரையோ அடித்துவிட்டது என்று முடிவு கட்டி, ஆடு விற்கிறவர் முணுமுணுவென்று ஓத ஆரம்பித்துவிட்டார்.

"காபியைக் குடி, அவ்வாத். நீ கேக்குறது எதுவானாலும் கெடைச்சாச்சு" என்றார் மின்வர். என்ன என்றுகூட அவர் கேட்கவில்லை. பெரிய மனுஷர் கேட்கவும் மாட்டார்.

அவ்வாத் குடித்தார். பிறகு, தலையை நிமிர்த்தாமல், தன் வீட்டில் இனி யாரும் சிகரெட் பற்றவைக்கக் கூடாது, பேரன் வர வேண்டும், அதற்காகத்தான் கேட்கிறேன் என்று சொன்னார்.

முதலில் யாருக்கும் புரியவில்லை. புரிந்ததும் க்லைஃப் தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தான். இதற்காகவா கோப்பையை வைத்தாய், எனக்கு வேர்த்தே போய்விட்டது என்றான். சிரிப்பு கூடம் முழுக்கப் பரவியது. மின்வர் மட்டும் சிரிக்கவில்லை. கையிலிருந்த சிகரெட்டைச் சாம்பல் கிண்ணத்தில் நசுக்கினார்.

"சிரிக்காதீங்கடா. கோப்பையை வெச்சுக் கேட்டான், குடுத்தாச்சு. அந்த வீட்டுக்கு என் முகம் ஜாமீன். இனிமே எவன் அங்க பத்தவெச்சாலும் என் முகத்துல கரி பூசினான்னு அர்த்தம்."

வாக்கு என்றால் வாக்கு. மறுநாளிலிருந்து அவ்வாதின் கூடத்தில் ஒரு பொறி எரியவில்லை. சுவருக்கு வெள்ளையடித்தார்கள். புது மெத்தை உறை போட்டார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை மைசூன் குழந்தையோடு படியேறினாள். வாசலில் நின்று மூக்கை உறிஞ்சிப் பார்த்தாள். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். யமானைத் தாத்தா மடியில் வைத்தாள். அவன் அவர் நெஞ்சில் கவிழ்ந்து, எச்சில் ஒழுகத் தூங்கிப்போனான். அவ்வாத் அசையாமல் உட்கார்ந்திருந்தார். கால் மரத்துப்போனது. அவ்வளவு சந்தோஷம் அவருக்கு அந்த வருஷத்தில் வேறு எதிலும் கிடைக்கவில்லை. ஆனால் அந்தச் சந்தோஷத்துக்கு நடுவிலும் வலது கை விரல் இரண்டும் தானாக அகன்று எதையோ தேடியது. அதை நினைத்து அவருக்கு வெட்கமாக இருந்தது.

இதற்கிடையில் மாலைகள் மெலிந்துபோயின. வருகிறவர்கள் கை வைக்க இடம் தெரியாமல் தவித்தார்கள். ஜெபமணியை உருட்டினார்கள், மீசையைத் தடவினார்கள், இரண்டாவது காபிக்கு நிற்காமல் எழுந்தார்கள். அப்புறம் படியேறாமல் வாசலில் லாரி பம்பர் மேல் உட்கார்ந்தே ஊதிவிட்டு, ஸலாம் சொல்லிப் போனார்கள். பிறகு அதுவும் நின்றது. க்லைஃப் வீட்டில் கூட்டம் சேர்ந்தது. யாருக்கும் கோபம் இல்லை. கோபம் என்றால் போய்ச் சமாதானம் பேசலாம், இதற்கு என்ன பேசுவது? அவ்வாத் வெள்ளைச் சுவரைப் பார்த்தபடி குழலை உறிஞ்சிக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தார். பேரன் வருகிற ஒரு வெள்ளிக்கிழமைக்கும் அடுத்த வெள்ளிக்கிழமைக்கும் நடுவில் ஒரு வாரம் அவ்வளவு நீளம் என்று அவருக்கு முன்னால் தெரியாது.

மின்வர் ஒருவர்தான் விடாமல் வந்தார். ஜாமீன் கொடுத்தவர் வராமல் இருந்தால் நன்றாக இருக்காது என்று நினைத்தாரோ என்னவோ. ஒரு புதன்கிழமை மதியம், மின்சாரம் போய் ஊரே வெந்துகொண்டிருந்த நேரத்தில் வந்தார். சிகரெட் பாக்கெட்டை எடுத்து மெத்தை மேல் வைத்து, பழக்கதோஷத்தில் கையை அதன் மேலேயே வைத்துக்கொண்டு, மூட்டு வலியைப் பற்றியும் கோதுமை விலையைப் பற்றியும் பேசினார். ஒன்றையும் உருவவில்லை. காபியைக் குடித்துவிட்டுத் தடியை ஊன்றிக்கொண்டு போனார். பாக்கெட் மெத்தையிலேயே கிடந்தது.

எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடியிருக்க வேண்டும். அவ்வாத் ஓடவில்லை. குழல் காலையிலேயே செத்துவிட்டிருந்தது, சார்ஜ் போட மின்சாரமும் இல்லை. பாக்கெட்டைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். மறுபடி பாக்கெட்டைப் பார்த்தார். வெளியே போய்க் குடிக்க முடியாது. அத்தனை பேரிடம் கோப்பையை வைத்து வாக்கு வாங்கிய ஆள் தெருவில் சிகரெட்டோடு நின்றால் காறித் துப்புவார்கள். மாடியில் ஏறினால் மேட்டுத் தெருவே பார்க்கும். அடுப்படியில் மனைவி. அவர் ஒளிந்துகொள்ள அந்த ஊரில் மிச்சமிருந்த ஒரே இடம், அவர் புகையை விரட்டிய அந்தக் கூடம்தான். கதவைச் சாத்தினார், ஜன்னலைத் திறந்தார், பற்றவைத்தார்.

முதல் இழுப்பில் கண் சொருகியது. அய்யோ, எவ்வளவு நல்லா இருக்கு என்றுதான் முதலில் தோன்றியது. அடுத்ததை எப்போது எடுத்தார் என்று அவருக்கே தெரியாது. சிகரெட் அடிக்கட்டைகளைக் காகிதத்தில் சுற்றி ஜன்னல் வழியாக எறிந்துவிட்டு, தோள் துண்டை எடுத்துக் காற்றில் வீசிக்கொண்டிருந்தார். அப்போது வாசலில் மைசூன் குரல் கேட்டது.

குழந்தைக்குத் தடுப்பூசி போட ஆஸ்பத்திரிக்கு வந்தவள், போகிற வழியில் எட்டிப் பார்க்கலாம் என்று வந்திருந்தாள். உம்மு ஹாயில் ஒன்றும் அறியாமல் மகளுக்குக் காபியை ஊற்றிக் கையில் கொடுத்து, கூடத்துக் கதவைத் திறந்துவிட்டாள். மைசூன் ஒரு அடி உள்ளே வைத்தாள். அப்படியே திரும்பி, குழந்தையை அம்மாவிடம் கொடுத்தாள்.

"இவனை வெளிய வெச்சிருங்கம்மா."

பிறகு உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். மெத்தை மேல் கிடந்த பாக்கெட்டைப் பார்த்தாள். அது யாருடையது என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும், அந்த மட்டமான ரகத்தை வேறு யாரும் தொடுவதில்லை. வருகிற வழியில் ஹாஜ் மின்வரையும் சந்தில் பார்த்திருக்கிறாள். பைகளைத் தடவித் தடவி எதையோ தேடிக்கொண்டு நின்றாராம்.

"பெரிய தாத்தாவா? முகம் ஜாமீன்னு சொன்ன மனுஷனா இப்படி?" என்றாள். "நீங்க மரியாதை பாத்துச் சும்மா இருந்திருப்பீங்க. நான் சும்மா இருக்க மாட்டேன். இப்பவே போய் அவரு கூடத்துல, எல்லாருக்கும் முன்னால கேக்குறேன்."

அவ்வாத் பேசாமல் இருந்தால் போதும், வேறு எதுவும் செய்ய வேண்டியதில்லை. மகள் நம்பிவிட்டாள். பேரன் வருவது நிற்காது. கிழவர் மறுத்தாலும், அவர் பாக்கெட் இருக்கிறது. அந்தக் கணத்தில் அவ்வாத் தன்னைத் தானே அருவருத்த மாதிரி வாழ்நாளில் என்றுமே அருவருத்ததில்லை. மைசூன் கதவில் கை வைத்தாள்.

"நான்தாம்மா" என்றார். "அவரு ஒண்ணைக்கூட உருவல. பாக்கெட் மேல வெச்ச கையை எடுக்காம உக்காந்திருந்துட்டுப் போனாரு. நான்தான் குடிச்சேன்."

மைசூன் திரும்பி அவரையே பார்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தார். அழுவாள் என்றும் காத்திருந்தார். அவள் இரண்டும் செய்யவில்லை. வந்து, ஆண்கள் உட்காருகிற மாதிரி அவருக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். கையிலிருந்த காபிக் கோப்பையை, ஒரு சொட்டும் குடிக்காமல், இருவருக்கும் நடுவில் தரையில் வைத்தாள்.

என்ன வேண்டும் என்று அவள் சொல்லவில்லை. சொல்லவும் தேவையில்லை. "குடிம்மா" என்று ஒரு வார்த்தை அவர் சொன்னால் போதும். மின்வர் அன்றைக்கு என்ன ஏது என்று கேட்காமலே சொன்னாரே, அந்த வார்த்தை. ஆனால் மின்வருக்குத் தன் வாக்கின் மேல் நம்பிக்கை இருந்தது. அவ்வாத் தன் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். செத்த குழல் ஒரு பக்கம். மறுபக்கம், பாக்கெட்டிலிருந்து எப்போது உருவி வைத்தார் என்று தெரியாத இன்னொரு சிகரெட்.

பொய்யாக அந்த வார்த்தையைச் சொல்லி மகளைக் குடிக்க வைக்க அவருக்கு மனம் வரவில்லை. நிஜமாகச் சொல்லத் தைரியமும் இல்லை. வெளியே உம்மு ஹாயில் யமானுக்கு ஏதோ பாடிக் காட்டிக்கொண்டிருந்தாள். மைசூன் எழுந்து போகவில்லை. அப்பாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோப்பையில் காபி ஆறிக்கொண்டிருந்தது.